பழைய இரும்புப் பாலத்தில் புதுக் கைப்பிடி

பாலத்துக் கைப்பிடி மாற்றும் வேலையில் உள்ள ஒரே கஷ்டம், புதியதை மாட்டுவதற்கு முன்னால் பழையதைக் கழற்றியாக வேண்டும் என்பதுதான். நடுவில் உள்ள நாட்களில் பாலத்தின் ஓரம் திறந்தே கிடக்கும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, வெள்ளைக்காரன் காலத்துப் பாலம் ஒன்றில் நான் சூப்பர்வைசர். பழைய கைப்பிடி இடுப்புக்குக்கூட வராது.

கயிறு

ஒரு பக்கம் கழற்றிவிட்டுக் கயிறு கட்டியிருந்தோம். தலையில் மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டையோடு ஒரு அம்மா அந்த ஓரமாகவே நடந்து வந்தார். பாரத்தோடு தலையைத் திருப்ப முடியாது. கத்தினால் தடுமாறிவிடுவாரோ என்று பயந்து, ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். அக்கரை சேர்ந்ததும் அவர் கையை உதறினார்:

"நான் பாட்டுக்கு போய்க்கினு இருந்தேன். நீ வந்து புடிச்சியே, அப்பதாம்மா எனக்குப் பயமே வந்துச்சு."

பொட்டு வெல்டிங்

பழைய இரும்பில் துளை போடக் கூடாது, சூட்டில் விரிசல் விடும் என்பதால் வெல்டிங்கும் கூடாது, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் மட்டும்தான் என்பது உத்தரவு. வெல்டர் முருகேசனுக்கு அது பிடிக்கவில்லை. "ரெண்டு பொட்டு வெச்சா ஜல்தியா முடியும் மேடம்" என்று தினமும் நச்சரிப்பார்.

ஒருநாள் கிளாம்பை முறுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். பெயின்டுக்கு அடியில் துரு அப்பளம்போல் உதிர்ந்தது. உள்ளே இரும்பு பாதிகூட இல்லை. குப்புறப் படுத்து, ஒவ்வொரு இடமாகச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, நல்ல இரும்பு இருந்த இடத்துக்குக் கைப்பிடித் தூணைத் தள்ளி வைத்தேன். மேலும் இரண்டு நாள் கயிறுதான். உதிர்ந்த துருவைக் கையில் வைத்துப் பார்த்த முருகேசன் மெதுவாகச் சொன்னார்:

"நான் வெல்டிங் வெச்சிருந்தா கைப்பிடி நின்னிருக்கும் மேடம். பாலம்தான் நின்னிருக்காது."

பால்காரர்

கடைசி நாள். பெயின்ட் அடித்து முடித்திருந்தோம். கோலியனூர் பால்காரர் ஒருவர் டிவிஎஸ்ஸில் வர, பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து ஒதுக்கியது. வண்டி சறுக்கியது. கேன் உருண்டது. அவர் தோளோடு போய்க் கைப்பிடியில் மோதினார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கைப்பிடி அசையாமல் நின்றது; அவர் அதைப் பிடித்தபடி எழுந்துகொண்டிருந்தார். அவர் கீழே தண்ணீரைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தார்.

"பெயின்ட் காயலன்னு ஒரு போர்டு வெக்கக் கூடாதா? புதுச் சட்டைங்க இது!"

எங்கள் வேலை சரியாக இருந்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யாரும் நன்றி சொல்வதில்லை, சட்டைக்குத்தான் பதில் கேட்பார்கள்.