கீழ் வீட்டில் அலறிய குத்துப்பாட்டு

என் இணைய இணைப்பு பழுதான அன்று, எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் கீழ் வீட்டு அன்ரி தன் வைஃபை கடவுச்சொல்லைத் தந்தார். ஒரு நாளுக்கென்று வாங்கியதை, அவருக்குத் தெரியாமல் ஒரு வருடம் பாவித்தேன்.

ஒரு ஞாயிறு, ஃபோனிலிருந்து என் கேம் கொன்சோலுக்குக் குத்துப்பாட்டு அனுப்பினேன். பட்டியலில் முதலில் தெரிந்த கொன்சோலைத் தட்டினேன். சத்தமே வரவில்லை. முழுதாகக் கூட்டினேன்.

சற்று நேரத்தில் வாசலில் அன்ரி நின்றார்.

“தம்பி, மகளைப் பொம்பிளை பார்க்க வந்திருக்கினம். எங்கட வீட்டுக் கேம் கொன்சோலால ரீவியில உங்கட பேரோட குத்துப்பாட்டு அலறுது. இன்னும் எங்கட வைஃபையிலயோ இருக்கிறியள்?”

“ஓம் அன்ரி,” என்றேன், நிலத்தைப் பார்த்தபடி.

“மாப்பிள்ளையின்ட அம்மா தாளம் போடுறா. நிப்பாட்டிப் போடாதேங்கோ, சத்தத்தை மட்டும் குறையுங்கோ.”

அவர் கடவுச்சொல்லை மாற்றவேயில்லை. மறுநாளே நான் சொந்த இணைப்பு எடுத்தேன். அவர் ஏசியிருந்தால், இன்னமும் திருடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.