தக்ஷாயினி போட்ட ஆறு மார்க்ஸ்

செட்டிபாளையத்துத் தக்ஷாயினிக்கு முகத்துக்காக ஒரு பொய் சொல்ல வராது. பாமசியில் வேலை செய்கிறவள், இருமல் மருந்தைக் கொடுக்கும்போதே கசக்கும் என்று சொல்லித்தான் கொடுப்பாள். கலியாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று அவளிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. இப்படிப்பட்டவள் யூடியூபில் கேம் விமர்சனம் செய்ய வந்தால் கேட்கவா வேண்டும்? பெரிய கம்பனி, சின்னக் கம்பனி என்று பாராமல் கிழிகிழி என்று கிழித்தாள். பார்க்கிறவர்கள் அவளை நம்பினார்கள். அந்த நம்பிக்கை போனால் தனக்கு வேறொன்றும் இல்லை என்று நினைத்தாள். அதனால், கேம் செய்தவர் தனக்குச் சொந்தமுமில்லை பந்தமுமில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு வீடியோவையும் தொடங்குவாள்.

அப்போதுதான் கரடியனாற்று லக்ஷன் தான் செய்த கேமை அனுப்பினான். வயல்வட்டைக்குள் இறங்கும் யானைகளை வெடி கொளுத்தி விரட்டி நெல்லைக் காப்பாற்ற வேண்டும். அதில் ஒரு யானை மருதமரத்துக்குள் சிக்கிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டியது. அந்தப் பிழையைச் சொல்லத்தான் ஃபோன் எடுத்தாள். லக்ஷன் சிரித்தான். பாழாய்ப்போன அந்தச் சிரிப்பில் இவளும் சிரித்தாள். எல்லாம் திருத்தி முடிந்த பிறகும் இருவரும் ஏதாவதொரு பிழையைத் தேடிப் பிடித்துக் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். காய்ச்சல் மாத்திரை வாங்க வந்தவருக்கு மாத்திரையை விட்டுவிட்டு மிச்சக்காசை மட்டும் கொடுத்து அனுப்பியதும் அந்தக் கிழமைதான்.

விமர்சனம் செய்யும் நாள் வந்தது. மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று அவளுக்கே தெரியும். பார்க்கிறவர்களுக்கும் தெரிந்துவிட்டால் பேர் போச்சு. அந்தப் பதற்றத்தில் வழக்கமான பேச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

"இவர் எனக்குச் சொந்தமில்ல. எங்கட குடியும் இல்ல, நல்லா விசாரிச்சிட்டுத்தான் சொல்றன்."

பத்துக்கு ஆறு மார்க்ஸ் போட்டுவிட்டு, நடுநிலை தவறவில்லை என்ற திருப்தியோடு சாப்பிடப் போனாள்.

மட்டக்களப்பில் குடி என்பது தாய்வழி வம்சம்; ஒரே குடிக்காரர் அண்ணன் தங்கை முறை, கலியாணம் கட்ட முடியாது. ஒரு பெடியன் எந்தக் குடியென்று ஒரு பெட்டை நல்லா விசாரித்தாள் என்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். அவள் கழுவிய கை காயுமுன்னம் கொமெண்டுகள் கொட்டின. யானையைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. கலியாணம் எப்போது, பந்தலில் யானைவெடி உண்டா என்றுதான் கேட்டார்கள். தாய் கண்ணகை ஃபோனைக் கொண்டுவந்து நீட்டி, விசாரித்தது சரி, என்ன குடி என்று மட்டும் கேட்டாள். தக்ஷாயினிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே, சொல்ல முடியாத சந்தோஷமாகவும் இருந்தது.

லக்ஷன் ஃபோன் எடுத்தான். குடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஆறுதானா?"

இனி மறைத்து என்ன?

"ஒன்பது வந்திச்சு. உங்கள்ல எனக்கு விருப்பம். அது மார்க்ஸுல கலந்திரக்கூடாதெண்டு மூண்டக் குறைச்சிட்டன்" என்றாள்.



"அப்ப அடுத்த கேமுக்கு எப்பிடியாவது சைபர் வாங்கிருவன்" என்றான் லக்ஷன்.