டீயுடன் ஒரு மாத்திரை

அண்ணியின் எவர்சில்வர் ப்ளாஸ்க் இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பதற வேண்டாம், அண்ணி நலமாகவே இருக்கிறார். ப்ளாஸ்க்கைத்தான் தன் வீட்டிலிருந்து நாடு கடத்திவிட்டார். அண்ணன் சுரங்கத்தில் காலை ஷிப்ட் போன காலத்தில் வாங்கியது. அண்ணன் மறைந்த பிறகும் விடிகாலையில் அதில் டீ நிரம்புவது நிற்கவில்லை. அந்த வீட்டில் சோற்றுக்கு நேரம் தவறும், டீக்குத் தவறாது.

மாதவிடாய் நின்று பல வருடம் கழித்து மறுபடி ரத்தம் போக ஆரம்பித்ததை அண்ணி ஏழெட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கடைக்குப் போய்வந்தால் மூச்சு வாங்கியதை வயசு என்றார். என் மனைவி கண்டுபிடித்து இழுத்துப்போனபோது கருப்பைப் புற்று என்று தெரிந்தது. ஆரம்ப நிலை, எடுத்துவிடலாம் என்றார்கள்.

அதன்பின் காரியம் என் கைக்கு வந்தது. சுரங்கத்துக்கு அடியில் ஊறும் தண்ணீரை பம்ப் வைத்து இறைக்கும் நிலத்தடி நீர்ப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவன் நான். எந்தக் காகிதம் எந்த மேசையில் தூங்கும், அதை எப்படி எழுப்புவது என்பதெல்லாம் தெரியும். வெளியூர் மருத்துவமனைக்கு நிர்வாகம் தரவேண்டிய பரிந்துரைக் கடிதம் இரண்டே நாளில் வந்தது. ரத்தம் குறைவு, முதலில் இரும்புச்சத்து மாத்திரை என்று டாக்டர்கள் சொன்னதும், ஓர் அட்டவணை எழுதி அண்ணி வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். 'காலை 6.00: மாத்திரை, டீயுடன்.' இவ்வளவு தெளிவான அட்டவணையை என் பிரிவே கண்டதில்லை என்று எனக்கு நானே பாராட்டும் வழங்கிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து அறுவை சிகிச்சைக்காக அந்த மருத்துவமனையில் பெட்டியோடு போய் இறங்கினோம். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், என் மகள் வயதுப் பெண், ரிசல்ட்டைப் பார்த்துப் புருவம் சுருக்கினார்.

"ரத்தம் ஏழரை பாயிண்ட்தான் இருக்கு. மாத்திரை போட்டீங்களா இல்லையாம்மா?"

"ஒரு நாள் விடலைங்க. தம்பி எழுதி ஒட்டுனபடி டீயோடதான் முழுங்குனேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். போகிற ரத்தம் ஒரு பக்கம் போக, உள்ளே போன இரும்பையும் டீ உடம்பில் சேரவிடவில்லை என்று அவர் விளக்கிய அரை நிமிடம், என் பணிக்காலத்தில் நடந்த எந்த விசாரணையையும் விட நீளமானது.

பிழை பிடிபட்டவன் சும்மா இருப்பானா? புற்று காத்திருக்குமா, ரத்தத்தை ஏற்றி நாளைக்கே செய்யுங்கள் என்று வாதாடினேன். இந்தக் கட்டி மூன்று வாரம் பொறுக்கும், அவசரமில்லாதபோது அடுத்தவர் ரத்தம் ஏற்ற வேண்டாம் என்றார் டாக்டர். ரத்தம் இப்படிக் குறைந்திருக்கும்போது செய்தால் புண் ஆறச் சுணங்கும், கிருமி தொற்றலாம், எழுந்து நடக்கவே நாளாகும். இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றிவிட்டுச் செய்யலாம் என்றார். நான் விடவில்லை. கட்டிலிலிருந்து அண்ணி கேட்டார்:

"ஏன் தம்பி, பம்ப் ஓடி அடித்தண்ணி இறங்காம உங்க மைன்ஸ்ல கரி தோண்டுவீங்களா?"

"மாட்டோம்."

"தோண்டுனா?"

"தரை பொத்துக்கிட்டு தண்ணி மேல வந்துடும், அண்ணி."

"அப்ப கம்முனு உக்காருங்க. பம்ப் ஓடட்டும்."

வாழ்நாள் முழுக்க அந்த பம்புகளைப் பார்த்துக்கொண்டவன் உட்கார்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன், அவர் கை போர்வையைக் கசக்கிப் பிடித்திருந்தது. மூன்று வாரம் புற்றோடு படுத்து எழப்போகிறவர் அவர்தான்.

ஊசி ஏறியது. மூன்று வாரத்தில் பத்தரைக்கு வந்தார். அறுவை சிகிச்சைக்கு மறுநாளே சுவரைப் பிடித்தபடி வராந்தாவில் நடந்தார். நர்ஸ் வற்புறுத்தி அல்ல, கேண்டீன் டீயின் லட்சணத்தை நேரில் பார்க்க. புண் சொன்ன நாளில் ஆறியது. வீடு திரும்பியதும் முதல் வேலையாக ப்ளாஸ்க்கை என்னிடம் கொடுத்தார். அட்டவணையை மட்டும் கிழிக்கவில்லை. வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம்.

இப்போது ரத்தக் குறைவு எனக்கு; அதே மாத்திரை. போன வாரம் அண்ணி வந்திருந்தபோது, அதை விழுங்கிவிட்டு டீ ஊற்ற அந்த ப்ளாஸ்க்கை எடுத்தேன்.

"மாத்திரை எப்ப போட்டீங்க?"

"இப்பதான்."

ப்ளாஸ்க்கை வாங்கி, மூடியை இறுகத் திருகி, மடியில் வைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசினோம். மூடி திறக்கவே இல்லை.