முதல் பேஸுக்குப் பக்கத்துத் தண்ணீர்

1. மார்க் கேட்டது

இறுதி ஆட்டத்தன்று பின்னேரம் நான் மைதானத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். அணியின் மேனேஜர் மார்க் வந்து பக்கத்தில் நின்றார்.

"சிவா, முதல் பேஸுக்குப் பக்கத்தில இன்னும் கொஞ்சம் அடி. நல்லா ஊறட்டும்."

அவர் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து சொன்னதை எங்கள் பேச்சில் தருகிறேன்.

மொன்ட்ரியாலின் கிழக்கே உள்ள சிறிய தொழில்முறை பேஸ்பால் அணி எங்களுடையது. மே மாதம் பருவம் தொடங்கியபோது எங்களை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. செப்டம்பரில் இறுதிச் சுற்றில் நின்றோம். ஐந்து ஆட்டங்களில் இரு பக்கமும் இரண்டிரண்டு வென்றாகிவிட்டது. அன்று வெல்பவருக்குக் கோப்பை.

எனக்கு மைதானப் பராமரிப்பு வேலை. பந்தை அடித்தவர் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டு ஓடவேண்டிய இடங்கள்தான் பேஸ்கள். அவற்றுக்கு இடையே ஓடும் பாதையில் புல் கிடையாது. களிமண்ணும் மணலும் கலந்த மண்தான். அது காய்ந்தால் பந்து கல்லில் பட்டதுபோல் எகிறும். ஈரம் கூடினால் சேறு. இரண்டுக்கும் நடுவில் வைத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மார்க் ஏன் கேட்டார் என்று உடனே விளங்கிவிட்டது. எதிரணியில் நாலாம் இலக்கச் சட்டைக்காரர் ஒருவர் இருந்தார். முதல் பேஸில் நின்றாரென்றால், பந்து எறிபவர் கையைத் தூக்கும்போதே இரண்டாம் பேஸுக்கு ஓடிவிடுவார். இதை ஸ்டீல் என்பார்கள். அவர் கால் ஊன்றிப் புறப்படும் இடம் சொதசொதவென்று இருந்தால் அந்த வேகம் வராது.

"எல்லா டீமும் செய்யிறதுதான்," என்றார் மார்க். போகிறபோது தோளில் தட்டினார். "நிரந்தர வேலைக்கு உன்ரை பேர் வந்திருக்கு. என்னட்டையும் கேப்பினம்."

நான் பருவகால ஒப்பந்தத்தில் இருந்தவன். ஒவ்வொரு குளிர்காலமும் டவுன்டவுனில் அலுவலகங்கள் துப்புரவு செய்துகொண்டு, வசந்தத்தில் கூப்பிடுவார்களா என்று பார்த்திருப்பேன். அவர் சொன்னதன் பாரம் எனக்குத் தெரியும்.

2. ரகுவின் நியாயம்

குழாய் மண்ணில் இழுபட்டுக் கோடு விழாமல் எனக்குப் பின்னால் தூக்கிப் பிடித்து நிற்பவன் ரகு. என்னைவிட இளையவன், கிரிக்கெட் பைத்தியம்.

"இதில யோசிக்க என்ன கிடக்கு அண்ணை? சொந்த மண்ணில விளையாடேக்க எங்கடை ஸ்பின்னருக்கு ஏத்த மாதிரித்தானே பிட்ச் போடுவினம். ஆரும் அதைப் பிழையெண்டு சொன்னவையே?"

"அந்தப் பிட்சில ரெண்டு பக்கமும்தானே விளையாடுது."

"இஞ்சையும் எங்கடை ஆக்கள் அதிலதானே ஓடப்போகினம்?"

"எங்கடை ஆக்கள் ஓடுறவையே?"

ரகு சிரித்துவிட்டான். எங்கள் அணியில் முக்கால்வாசிப் பேர் அடித்துவிட்டு நடக்கிற ஆட்கள்.

ஆனால் அவன் சொன்னது சும்மா தள்ளக்கூடிய நியாயம் இல்லை. கோட்-டெ-நெய்ஜில் என் வீட்டில் கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பார்கள். என்னைத் தடுத்தது ஜூலையில் நடந்த ஒன்று. அன்று மழை விட்ட கையோடு ஆட்டத்தைத் தொடங்கினார்கள். இரண்டாம் பேஸில் நிற்கும் எங்கள் ஆட்டக்காரர் பந்தை எறியத் திரும்பினார். சப்பாத்தின் முள் ஈர மண்ணை விட்டு வரவில்லை, முழங்கால் மட்டும் திரும்பியது. ஸ்ட்ரெச்சரின் ஒரு மூலையை நான் பிடித்தேன். அந்தப் பருவத்தில் அவர் திரும்பி வரவில்லை.

3. லூசி

மைதானப் பராமரிப்பில் எங்கள் தலைவி லூசி. மைதானத்தின் சொந்தக்காரர்போல நடப்பார். அவரிடம் போய் மார்க் கேட்டதையும், எனக்குச் செய்ய மனமில்லை என்பதையும் சொன்னேன்.

"குழாய் உன்ரை கையிலதானே? முடிவும் உன்ரைதான்," என்றார். பிறகு, "சுண்ணாம்புக் கோடு வளைஞ்சு கிடக்கு. முதல் அதைப் பார்," என்றார்.

வழக்கமான அளவுக்கே தண்ணீர் அடித்தேன். மார்க் சப்பாத்து நுனியால் அந்த இடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் எட்டாம் இன்னிங்ஸ் வரை மூன்றுக்கு இரண்டு என்று முன்னுக்கு நின்றோம். அந்த இன்னிங்ஸில்தான் நாலாம் இலக்கக்காரர் முதல் பேஸுக்கு வந்தார். அடுத்த பந்துக்கே கிளம்பிவிட்டார். அடிப்பவருக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கேட்சர் எறிந்த பந்து போய்ச் சேருமுன் அவர் இரண்டாம் பேஸில் எழுந்து நின்று காற்சட்டை மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த அடியில் ஓடிவந்து ஓட்டத்தையும் எடுத்தார். மூன்றுக்கு மூன்று.

ஆட்டக்காரர்கள் இருக்கும் டகவுட்டிலிருந்து மார்க் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணை, குனிஞ்சு நில்லுங்கோ. கண்ணாலயே எரிக்கிறான்," என்றான் ரகு.

இன்னிங்ஸ் முடிந்ததும் லூசி எழுந்து டகவுட்டுக்கு நடந்து போனார். அவர் ஏதோ சொல்ல, மார்க் கையை விரித்துக் கத்துவது தெரிந்தது. லூசி அசையாமல் நின்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"தண்ணி கூட்ட வேண்டாமெண்டு நான்தான் உனக்குச் சொன்னனான் எண்டு சொன்னன்."

"நீங்கள் அப்பிடிச் சொல்லேல்லையே."

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். ரேக்கை எடு, மண்ணைச் சமன் பண்ணு."

4. மண்ணைத் தொடாத பந்து

ஒன்பதாம் இன்னிங்ஸின் கடைசிப் பாதியில், எங்கள் முறையில், ரமோன் அடித்தார். டொமினிக்கன் நாட்டுக்காரர், அணியிலேயே மெதுவாக ஓடுபவர். பந்து வேலியைத் தாண்டிக் கார் நிறுத்துமிடத்தில் விழுந்தது. நாலுக்கு மூன்று, கோப்பை எங்களுக்கு. நாங்கள் அவ்வளவு சண்டைப்பட்ட மண்ணை அந்தப் பந்து தொடவே இல்லை. ரமோன் பேஸ்களைச் சுற்றிவர எடுத்த நேரத்தில் ரகு இரண்டு முறை அழுது முடித்துவிட்டான்.

மார்க் என்னையும் கட்டிப்பிடித்தார், ஷாம்பெயினில் நனைந்த சட்டையோடு. தண்ணீரைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. வசந்தத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. அவரும் தடுத்திருக்கவில்லை, அதற்கும் நன்றி.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு, சரியானதைச் செய்தால் வெற்றி வரும் என்று நான் சொல்லமாட்டேன். ரமோனின் மட்டை ஒரு விரலளவு கீழே போயிருந்தால் நாங்கள் தோற்றிருக்கலாம். அப்போது லூசியின் வேலைக்கும் கேள்வி வந்திருக்கும். கூட வேலை செய்பவருக்காகப் பேச வேண்டியிருந்தால், முடிவு தெரியுமுன் பேசுங்கள். கோப்பை வந்த பிறகு எனக்காகப் பேச நிறையப் பேர் இருந்தார்கள். லூசி எழுந்து நடந்தபோது ஆட்டம் மூன்றுக்கு மூன்று.