பதினெட்டாவது கேள்வி

சபைப் பதிவேட்டில் என் பேர் இல்லை. ஐந்து வருடமாக ஞாயிறு தவறாமல் போகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு அப்பமும் ரசமும் வரிசையாக வரும். என் பக்கம் வந்ததும் தாண்டிப் போகும். ஞானஸ்நானம் எடுக்காதவளுக்கு அது கிடையாது. சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு கேள்வியோடுதான் சண்டை.

நான் சிலமலைக்காரி. அஞ்சாவது வரை படித்தேன். காலை ஆறு மணிக்கு ஜீப்பில் ஏறினால் போடி தாண்டி, மெட்டு மலை ஏறி, ஏலத்தோட்டம். சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். இருபது வருடமாக இதுதான் சோலி.

என் வீட்டுக்காரருக்கும் அதே தோட்டம். மழைக்கு முன்னால் நிழல்மரத்தில் ஏறிக் கிளை கழிப்பார். ஒரு வருடம் கிளையோடு கீழே வந்தார். ஆஸ்பத்திரி போகுமுன் முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நான் அதே தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனேன். போகாமல் முடியாது.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். காய் தரையோடு சரம்சரமாகக் கிடக்கும். குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். பக்கத்துச் செடியின் தூரில் இருப்பவள் கண்ணுக்குத் தெரிய மாட்டாள். இலை அசையும். ஒரு இருமல் கேட்கும். ஆள் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வோம்.

அந்தச் செடிக்குள் உட்கார்ந்து நான் பேச ஆரம்பித்தேன். பேச்சு என்ன பேச்சு, திட்டுத்தான். யாரைத் திட்டுகிறேன் என்று பேர் தெரியாது. பதில் வரவில்லை. ஆனால் அந்தப் பக்கம் ஆள் இருந்தது. எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

என் அண்ணன் பெண்டாட்டி, மதினி, அப்போதே சபைக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னோடு காய் எடுப்பவள். அவளோடு போனேன். அங்கே பேர் சொன்னார்கள். செடிக்குள் கேட்டுக்கொண்டிருந்தது இவர்தானா என்று இருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஞானஸ்நான வகுப்பில் சேர்ந்தேன். நடத்துபவர் சபை மூப்பர். போடியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது கேள்வியும் பதிலும் அடித்த தாள் ஒன்று கொடுப்பார். மனப்பாடம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பார். இருபதும் சொன்னால் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இருந்தால்தான் ஆற்றில் முங்கி ஞானஸ்நானம் எடுக்கலாம்.

எனக்குப் படிக்க வரும். எழுத்துக் கூட்டித்தான் வரும். மலைரோட்டில் பதினேழு கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு ஒரு கேள்வி என்று மதினி வைத்தாள்.

"மூணாவது வளைவு. சொல்லுத்தா, மனுசன் எதனால விழுந்தான்?"

"கீழ்ப்படியாமையினாலே விழுந்தான்."

ஜீப் டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே கத்தினான். "யக்கா, விழுந்த கதையெல்லாம் மெட்டு ஏறி முடிச்சிட்டுப் பேசுங்க. டயரு பழசு யக்கா."

"நீ ஒழுங்கா ஓட்டுனா நாங்க ஏன்டா வேதம் படிக்கிறோம்?" என்றாள் மதினி.

ஜீப்பில் இருந்த பதினாலு பேரும் சிரித்தார்கள்.

பதினேழு வளைவில் பதினேழு பதில் ஏறியது. அதோடு சோதனைச்சாவடி வந்துவிடும். அப்புறம் சும்மாடு, வாளி, அட்டை ஏறாமல் காலில் தேய்க்க மூக்குப்பொடி என்று ஆளாளுக்கு வேலை. மூன்று கேள்வி மிச்சம் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பதினேழும் தட்டாமல் சொன்னேன். மூப்பர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"பதினெட்டு. விசுவாசம் என்றால் என்ன?"

இதற்குப் படிக்கவே வேண்டாம் என்று நினைத்தேன். ஊரில் யாருக்குத் தெரியாது?

"நாய்க்கு இருக்கும்லய்யா, அது."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மூப்பர் சிரிக்கவில்லை.

"தாள்ல அப்படியா போட்டிருக்கு?"

"தாளப் பாக்கலய்யா. கேட்டீக, சொன்னேன்."

"அது வேற விசுவாசம். இது வேற விசுவாசம்."

"வார்த்தை ஒண்ணுதானய்யா."

"உக்காரும்மா. அடுத்த வாரம் பதிலப் படிச்சிட்டு வா."

என் தாளில் பதினெட்டுக்கு நேராகச் சிவப்பு மையில் பெருக்கல் போட்டார்.

செவ்வாய்க்கிழமைக்குள் அந்தப் பதில் வந்துவிட்டது. இரண்டே வரி. நல்ல வரிதான். இப்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் சொல்லச் சொல்ல அது வாயோடு நின்றது. நாய் என்று சொன்னது அடிவயிற்றிலிருந்து வந்தது.

எஸ்டேட்டில் ஒரு செவலை நாய் உண்டு. சூப்பர்வைசர் மலையாளத்துக்காரர். அவர் அதைப் பட்டி என்பார். அவர்கள் பேச்சில் பட்டி என்றால் நாய்தான். நாங்கள் அதையே பேராக வைத்துக்கொண்டோம். குட்டியாக வாய்க்காலில் கிடந்ததை முதலாளி தூக்கித் தன் வேட்டியில் துடைத்தார். அதோடு சரி. சோறு போட்டதெல்லாம் நாங்கள்தான்.

சூப்பர்வைசருக்கு முதலாளியைப் பற்றித் தெரியாதது கிடையாது. டீக்கு எத்தனை சர்க்கரை, எந்த முழங்கால் வலி, எப்போது கோபம் வரும், எல்லாம் சொல்வார். கேட்டால் நமக்கே முதலாளியோடு கூடப் பிறந்ததுபோல் இருக்கும். ஒரு வருடம் முதலாளி ஆஸ்பத்திரியில் படுத்தார். நான்கு மாதம் மலைக்கு வரவில்லை. இனி வரமாட்டார் என்று பேச்சு. சூப்பர்வைசர் அவர் நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார். அவர் நடையை நடந்து காட்டிச் சிரிக்க வைப்பார். நானும் சிரித்திருக்கிறேன். கணக்கில் எழுதாத இரண்டு மூட்டை பச்சைக்காய் ஜீப்பில் மலையிறங்கிப் போனதையும் பார்த்தேன்.

பட்டி எஸ்டேட் கேட்டிலேயே படுத்தது. சூப்பர்வைசர் உதைத்தால் நகரும். அவர் போனதும் வந்து படுக்கும். மழைக்கும் அங்கேதான்.

முதலாளி திரும்பி வந்த அன்று புதுக் கார். நாய்க்குச் சத்தம் பிடிபடவில்லை. அடையாளம் தெரியாமல் குரைத்தது. கதவு திறந்தது. கம்பை ஊன்றிக்கொண்டு இறங்கி ஒரு தடவை செருமினார். குரைப்பு நின்றது. சூப்பர்வைசர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

அந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் மதினியிடம் கேட்டேன்.

"ஒனக்கு இருபதும் தெரியும்ல மதினி. கையெழுத்து வாங்கி முங்கி எந்திரிச்ச. எப்படி இருந்துச்சு?"

மதினி வாளியில் கை கழுவினாள்.

"குளுருச்சு."

"வெளாடாத."

"வெளாடல தாயி. பதிலு தெரியும். கேட்டா சொல்லுவேன். ராத்திரி ஒம் அண்ணன் வர நேரமானா வாசலுக்கும் ரோட்டுக்கும் நடக்குறேன். அப்ப இருபதுல ஒண்ணுகூட ஞாவகத்துக்கு வரமாட்டேங்குது." தூக்குவாளியை மூடினாள். "நீ என்னைய மாதிரி வெரசா சொல்லிட்டு முங்கிரு. ஊரோட ஒத்துப் போ."

எனக்கு முங்க ஆசை இல்லாமல் இல்லை. அந்த அப்பத்தில் ஒரு துண்டு என் கையில் விழ வேண்டும் என்று எத்தனை ஞாயிறு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வரி சொன்னால் போதும். என்னிடம் இருந்தது.

அடுத்த ஞாயிறு போதகரும் வந்திருந்தார். சின்ன வயசுக்காரர். மூப்பர் தாளை எடுத்தார்.

"பதினெட்டு."

"போன வாரம் சொன்னதுதான்யா."

"படிக்கலையா?"

"படிச்சேன். வருது. சொல்ல மாட்டேன்."

போதகர் என்னவென்று கேட்டார். மூப்பர் சொன்னார். போதகருக்கு முகம் மலர்ந்தது. "ஐயா, வேதத்துலயே மகளுக்காக இயேசுகிட்ட வந்த ஒரு தாய் இப்படித்தானே பேசுறாங்க. மேசைக்குக் கீழ விழுற துணுக்கத் திங்குற நாயின்னு தன்னையே சொல்றாங்களே."

"அந்தப் பகுதி எனக்கும் தெரியும் போதகரே. நாப்பது வருசமா நான் அத வச்சுப் பிரசங்கம் பண்ணுனதில்ல." மூப்பர் என் பக்கம் திரும்பினார். "எங்கப்பன் தோட்டத்துல வேல பாத்தாரும்மா. யாரும் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. விசில் அடிப்பாங்க. நாய்க்கு அடிக்கிற அதே விசிலு. அதுக்கும் ஓடுவாரு. நான் படிச்சதே அந்தச் சத்தம் காதுல விழக்கூடாதுன்னுதான். நாம இங்க வந்தது மனுசனா நிக்க. நீ நாயின்னு சொல்லிக் கையெழுத்துக் கேக்குற. நான் எப்படிப் போடுவேன்?"

அவர் சொன்னது பொய் இல்லை. அந்த விசில் எனக்கும் தெரியும்.

ஆனாலும் சொன்னேன்.

"அடுத்தவுக நம்மள அப்படிச் சொன்னா வசவுய்யா. நீங்க என்னையச் சொன்னாக்கூடச் சண்டைக்கு வருவேன். நானாப் போய் ஒருத்தர் காலடியில படுத்தா அது என் இஷ்டம். எங்க சூப்பர்வைசருக்கு முதலாளியப் பத்தித் தெரியும். நாய்க்கு முதலாளியத் தெரியும். எனக்கு அம்புட்டுத்தான்யா தெரியும்."

"அப்ப நான் சொல்லிக் குடுக்குறதெல்லாம் சூப்பர்வைசர் சோலியா?"

"அத நீங்கதான்யா சொல்லணும்."

சொல்லியிருக்க வேண்டாம். பெரிய மனுசர். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

போதகர் நடுவில் வந்தார். ஞானஸ்நான விண்ணப்பப் பாரத்தில் ஒரு கட்டம் காட்டினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கேள்வி இல்லை. கைநாட்டு வைத்தால் போதும்.

"சலுகைதாம்மா. மூப்பர் கையெழுத்துகூட வேண்டாம். அடுத்த வாரமே ஆத்துக்கு வந்துரலாம்."

"எனக்கு எழுதத் தெரியும்" என்றேன்.

"தெரியும்மா, இது ஒரு வழிக்காக..."

"அஞ்சாப்பு படிச்சிருக்கேன். கைநாட்டு வைக்க மாட்டேன். கேள்வி கேட்டீக, பதில் சொல்லியிருக்கேன். சரின்னா சரி போடுங்க. தப்புன்னா தப்பாவே இருக்கட்டும்."

தப்பாகவே இருந்தது.

அடுத்த வாரம் கொட்டகுடி ஆற்றில் ஒன்பது பேர் முங்கினார்கள். நான் கரையில் நின்று அவர்களுடைய துண்டையும் மாற்றுச் சேலையையும் பிடித்துக்கொண்டிருந்தேன். மதினி பக்கத்தில் வந்தாள்.

"ரெண்டு வரிதானடி" என்றாள்.

"ஆமா மதினி."

"ஒன் புருசனும் இப்படித்தான். மரத்துல ஏறிட்டா எறங்குடான்னாலும் எறங்க மாட்டான்."

எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

இது நடந்து மூன்று வருடம். வருடா வருடம் வகுப்பு வரும். மூப்பர் தாளை நீட்டுவார். பதினேழு வரை சொல்வேன். பதினெட்டில் நின்றுகொள்வோம். அவரும் இறங்கியதில்லை. நானும் இறங்கியதில்லை.

இந்த வருடம் அவருக்குக் கண்ணில் புரை. தாளை மூக்கருகில் பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இந்த வருசமாவது மாத்திச் சொல்லுவியா?"

"இல்லய்யா."

"பிடிவாதம்."

"ஆமாய்யா."

போவார் என்று பார்த்தேன். நின்றார்.

"அந்த சூப்பர்வைசர் இருக்கானா?"

"வேற எஸ்டேட்டுக்குப் போயிட்டாருய்யா. இந்நேரம் அந்த முதலாளியப் பத்தியும் எல்லாம் தெரிஞ்சிருப்பாரு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"நாயி?"

"கேட்டுலதான்யா கெடக்கு. வயசாயிருச்சு. காது சரியாக் கேக்கல."

"முதலாளி வந்தா?"

"எந்திரிக்கும்."

திரும்பி நடந்தார். கையெழுத்துப் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த மாதம் அப்பத் தட்டைத் தூக்கி வந்தது அவர்தான். என் வரிசைக்கு வந்தார். என் முன்னால் தட்டு நின்றது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நின்றது. மதினி என் விலாவில் இடித்தாள். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். இதுவும் ஒரு சலுகைதான். கை நீட்டவில்லை.

தட்டு தாண்டிப் போனது. கடைசிப் பாட்டு முடியும்வரை நான் அங்கேயே இருந்தேன்.