கிணற்றடி வெண்ணெய்ப்பழ மரம்

ஒரு நாள் காலையில் அப்பாவின் இடது கால் விளங்காமல் போனது. குழித்தறியில் நெய்ய, மிதிக்கட்டையை மாற்றி மாற்றி மிதிக்க இரண்டு காலும் வேண்டும். அவர் இடத்தில் அம்மா தறியில் இறங்கினாள். அன்றிலிருந்து அப்பா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். முதல் தடவை போட்டதோடு சரி. அம்மா மறுபடி கரண்டியோடு குனிந்தால் இடது கையால் தட்டை மூடிவிடுவார். பசியில்லை என்பார். அது பொய் என்று சின்னப்பெண்ணான எனக்கே தெரியும். அந்தக் கையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். யார் மேல் என்றுதான் தெரியாது.

அந்த வருஷம் லாரி ஓட்டும் மாமா ஏற்காட்டிலிருந்து ஒரு வெண்ணெய்ப்பழம் கொண்டுவந்தார். பழம் என்று பேர்தான், இனிப்புமில்லை, புளிப்புமில்லை. அம்மா சர்க்கரை போட்டுப் பிசைந்து கொடுத்தும் எங்களுக்கு இறங்கவில்லை. அப்பா மட்டும் கொட்டையைக் கழுவி எடுத்து வைத்துக்கொண்டார். மூன்று துடைப்பக்குச்சிகளைச் சீவி அதன் இடுப்பில் குத்தி, கண்ணாடி டம்ளர் விளிம்பில் நிறுத்தி, அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் நனையும்படி ஜன்னலில் வைத்தார். வெகு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அழுகிப்போச்சு, தூக்கிப் போடுங்கள் என்றாள் அம்மா. அவர் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தார். பிறகு கொட்டை பிளந்து ஒரு வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. அன்று தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

நாலைந்து இலை விட்டதும் கிணற்றடியில் நட்டோம். நம்மூர் வெயிலுக்கு இலையோரம் கருகும். அப்பா உட்கார்ந்தபடியே நகர்ந்து போய் ஓலைத் தடுப்பு வைப்பார். செடி மரமாகிக் கூரையைத் தாண்டியது. சில வருஷங்கள் கழித்துப் பூத்தது, அத்தனையும் உதிர்ந்தது. அடுத்த வருஷமும் அதே கதை. காய்த்த மரம் கல்லடி படும் என்பார்கள். காய்க்காத மரத்துக்குக் கொடுவாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கொடுவாளை ஓங்கி மரத்தை மிரட்ட வேண்டும். இன்னொருவர் குறுக்கே வந்து, விட்டுவிடு, வருகிற வருஷம் காய்க்கும் என்று மரத்துக்காக வாக்குக் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டம்மாள் சொல்லி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அம்மா கொடுவாளை எடுத்தாள். அப்பாவால் நிற்க முடியாது. அதனால் கெஞ்சும் வேலை அவருக்கு. துவைகல்லில் உட்கார வைத்தோம்.

"காய்க்கிறியா, வெட்டிடட்டுமா?" என்று அம்மா கொடுவாளை ஓங்கினாள்.

பக்கத்து வீட்டம்மாள் சொல்ல வேண்டியதை அப்பாவுக்கு எடுத்துக் கொடுத்தாள். அவர் மரத்தைப் பார்த்துச் சொன்னார்: "காய்க்கலன்னாலும் இருக்கட்டும். அது பாட்டுக்கு நின்னுக்கினு இருக்குது. யாரையும் சோறு கேக்கலியே."

அம்மாவின் கை அப்படியே இறங்கியது. "கேட்டாதான் என்ன?" என்றாள். "போட மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

பக்கத்து வீட்டம்மாள் சத்தமில்லாமல் எழுந்து போய்விட்டாள்.

அந்த மரம் கடைசிவரை காய்க்கவில்லை. காய்க்கிறியா என்று அதை யாரும் அதன்பிறகு கேட்கவுமில்லை. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா கரண்டியோடு குனிந்தபோது அப்பாவின் இடது கை பாதி தூரம் வந்து நின்றது. பிறகு மெதுவாக மடிக்குத் திரும்பியது. அம்மா இரண்டாவது கரண்டிச் சோற்றைப் போட்டாள்.