செல்லத்துக்கு என் வீடு

போன வாரம் மூவார் டவுனில் ஒரு லாயர் ஆபீஸ் படியேறினேன்.

“ஆம்பிளைங்க யாரும் வரலியாம்மா?” என்றார் வாசலில் உட்கார்ந்திருந்த கிளார்க்.

“வீடு என்னோடது. உயில் எழுதப் போறதும் நான். நான் வந்தா போதாதா?”

போதும் போலிருக்கிறது. நாற்காலியைக் காட்டினார்.

என்னை இந்தப் பத்திரிகைப் பத்தியில் மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு சேதி: எனக்கு மாடுகளும் உண்டு. காப்பிக்கடைகளுக்குப் பால் ஊற்றி, அந்த வருமானத்தில் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு வீடு வாங்கினேன். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. இருப்பவள் செல்லம். ரப்பர் தோட்டத்துக் காய்ச்சலில் தாயும் தகப்பனும் போன பிறகு நான் தூக்கி வந்து வளர்த்தவள். இன்று கடைக்காரர்களிடம் என்னைவிட நன்றாகச் சண்டை போடுகிறாள்! எனக்குப் பின் வீடு அவளுக்குத்தான். இதில் யாரைக் கேட்க வேண்டும்?

கூலாயில் இருக்கும் கொழுந்தனாரைக் கேட்க வேண்டுமாம்.

“லாயருக்கு எதுக்கு அண்ணி அழுவுறீங்க? கோர்ட்டு வாசல்ல பெட்டிஷன் எழுதுறவரு இருக்காரே! எனக்கு ஒண்ணும் வேணாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

ஒண்ணும் வேணாம் என்று சொல்லும்போதெல்லாம் அவர் கண் என் வீட்டுக் கூரையை அளந்துகொண்டிருக்கும். இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்டு அந்தப் பெட்டிஷன்காரரிடமே ஓர் உயில் எழுதி வைத்திருந்தேன். மனசு மட்டும் கேட்கவில்லை... லாயரிடம் காட்டிவிடலாம் என்று கிளம்பினேன்.

சிங்கப்பூருக்குப் போ, பெரிய லாயராகப் பார் என்றார்கள் தெரிந்தவர்கள். ஏன் போக வேண்டும்? நான் கண்ணை மூடிய பிறகு செல்லம் ஓடிப்போய்க் கேட்க, இந்த ஊரிலேயே ஓர் ஆள் வேண்டாமா?

லாயர் யாழ்ப்பாணத்துக்காரர். உயிலை வாங்கிப் படித்தார். நெற்றி சுருங்கியது.

“இதில சாட்சியாக் கைநாட்டு வச்சது ஆர்?”

“செல்லம்தான். எங்க தோட்டத்துக் கோயில் பஞ்சாயத்துல பங்கு வாங்குறவங்க எல்லாரும் கைநாட்டு வைப்பாங்க. பின்னால தகராறு வராது பாருங்க.”

“வீடும் அவவுக்குத்தானே?”

“ஆமா.”

“அப்ப அவவுக்கு வீடு கிடையாது அம்மா. சாட்சி போட்ட ஆளுக்கு அந்த உயிலால ஒண்டும் கிடைக்காது. அதுதான் சட்டம்.”

அலமாக், அட கடவுளே! நான் நிம்மதியாகச் செத்திருப்பேன். கொழுந்தனார் வீட்டுக்கு உரிமை கொண்டாடி வந்திருப்பார். செல்லம் மாடுகளைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றிருப்பாள். வளர்த்தவள் ஆசைப்பட்டு வைக்கச் சொன்ன கட்டைவிரலே பிள்ளையின் வாயில் மண்ணைப் போடுமா?

“கிழிங்க சார் அதை! புதுசா எழுதுங்க,” என்றேன்.

“எழுதுறன். ஆனா ரெண்டு சாட்சி வேணும். இதில ஆதாயம் இல்லாத ஆக்களாப் பாத்துக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

ஒரு சாட்சிக்குக் காப்பிக்கடை ராவுத்தர் உடனே தலையாட்டினார். இன்னொரு சாட்சி? படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

நேற்று கொழுந்தனார் கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். லாயர் ஆபீஸுக்கு அவரைக் கூப்பிட்டதில் பெருமை பிடிபடவில்லை. ராவுத்தர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். எல்லார் முன்னாலும் நான் என் கையெழுத்தைப் போட்டேன்.

“யாருக்கு அண்ணி எழுதியிருக்கு?”

“செல்லத்துக்கு. முழுசா.”

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

“அப்ப... என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“ஆதாயம் இல்லாத ஆளு வேணும்னாரு லாயர். எனக்கு ஒண்ணும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு நீங்கதானே தம்பி வாய் ஓயாம சொல்றீங்க?” பேனாவை நீட்டினேன்.

ராவுத்தர் பார்த்துக்கொண்டே இருந்தார். கொழுந்தனார் வேறென்ன செய்வார்? போட்டார்.

நான் சுயபுத்தியோடு எழுதவில்லை என்று நாளைக்கு எவனாவது கோர்ட்டுக்குப் போகட்டும் — செல்லத்தின் முதல் சாட்சி அவர்தான்!